இந்தத் தண்ணியத் திறக்கறது யாரு?

"ரோட்டுல போனா நாலு மணி நேரத்துல கோழிக்கோடு. அதுக்குப் போய் மூணு நாள் தண்ணியில போகணுமா? ஏன்டா, பஸ்ஸுக்குக் காசில்லையா?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் சமையல்கட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தேன். கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகில் இப்படித்தான் உட்கார வேண்டும். இருபது நிமிஷத்தில் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. திட்டப்படி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் இப்படி உட்கார்ந்தாக வேண்டும். கம்பு ஒருமுறை மிக்ஸியில் இடித்தது. அதோடு பயிற்சி மாட்டுக்கொட்டகைக்கு மாற்றப்பட்டது.

நாங்கள் நீலகிரிக் கூடலூர்க்காரர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலையில் இறங்கிய குடும்பம். வீட்டைச் சுற்றி எட்டு மாசம் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நீந்தத் தெரிந்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. மலையில் ஆறு என்றால் குளிரும், வழுக்கும், சத்தம் போடும். அதில் இறங்கிப் பழகும் வழக்கமே இல்லை. எனக்கு நீச்சல் வந்தது முப்பத்தெட்டு வயதில், கோவையில் ஒரு நீச்சல் குளத்தில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று. அப்படிப்பட்ட ஆளுக்கு ஆற்றில் மூன்று நாள் போகிற ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், வரைபடம்தான் காரணம்.

2017இல் ஒரு மழைக்கால ராத்திரி, கரண்ட் இல்லை, செல்போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ். வரைபடத்தில் மோயாற்றை விரலால் தொட்டு நகர்த்திக்கொண்டே போனேன். முக்குருத்தியில் பிறந்து பைக்காரா என்ற பெயரில் இறங்கும் தண்ணீர், தெப்பக்காட்டுப் பக்கம் மோயாறாகி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடி, பெரிய பள்ளத்தாக்கில் விழுந்து, தெங்குமரஹாடாவைத் தொட்டு பவானிசாகர் அணையில் போய்ச் சேர்கிறது. ஒரே கோடு. நடுவில் ஊரே இல்லை. நாலு நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். என் மனைவியின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவன், மறுநாளே, "மச்சான், நானும் வர்றேன்" என்றான். மூன்றாவது ஆள் பள்ளிக்கூடத்து நண்பன். கூடலூரில் பேக்கரி வைத்திருக்கிறான்.

வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் வரைபடத்தைக் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "தம்பி, ஊரே இல்லைன்னு சந்தோஷப்படறீங்களே, ஏன் இல்லைன்னு யோசிச்சீங்களா?"

அப்புறம் அவரே சொன்னார். அது புலிகள் காப்பகம். முதுமலை 2007இலும், கீழே சத்தியமங்கலம் 2013இலும் அப்படி அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், கூடாரம் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆற்றில் முதலை உண்டு. கரையில் யானை தண்ணீருக்கு இறங்கும் தடங்கள் உண்டு. தெங்குமரஹாடா மக்கள் பரிசலில் ஆற்றைக் கடக்கிறார்கள் என்றால் அது வீட்டுக்குப் போக வேறு வழியில்லாததால், பொழுதுபோக்குக்கு அல்ல. "நீங்க டென்ட் அடிச்சா, யானை வர்றதுக்கு முன்னாடி நாங்க வந்துருவோம். அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அந்த ஒரு வரிதான் பிறகு எங்கள் திட்டம் மொத்தத்துக்கும் அஸ்திவாரமானது: "எந்த ஆத்துல இறங்கறதா இருந்தாலும் முதல்ல ஒண்ணு கேளுங்க. இந்தத் தண்ணியத் திறக்கறது யாரு?"

நீலகிரியில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான், மின்வாரியம். பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது 1932இல். அதற்குப் பிறகு குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று சுற்றுலாப் பயணிகள் ஏரி ஏரியாகப் படமெடுத்துப் போடுகிறார்களே, அவை ஏரிகளே அல்ல, அணைத் தேக்கங்கள். மலைக்குள் குகை குடைந்து ஒரு தேக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள். அதனால் வரைபடத்தில் ஆறு என்று போட்டிருக்கிற இடத்தில் போய் நின்றால் வெறும் பாறை கிடக்கும். அதே பாறையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் பிரித்தால், எங்கோ ஓர் ஊரில் எல்லோரும் விளக்குப் போடுகிற நேரத்துக்குத் திடீரென்று இடுப்பளவு தண்ணீர் வரும். அணைக்குக் கீழே 'எச்சரிக்கை' என்று வைத்திருக்கிற பலகையைப் படித்துவிட்டு அதன் காலடியிலேயே ஜமுக்காளம் விரிக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கிழக்கே வழியில்லை. மேற்கே பார்த்தோம்.

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்குகிற பாதையில் ஊசிமலை என்று ஓர் இடம். அங்கே நின்றால் எங்கள் தாலுகா ஒரு பெரிய சட்டி மாதிரி தெரியும். மலையின் முதுகுக்கு அந்தப் பக்கம் விழும் மழை மோயாறு, பவானி, காவிரி என்று போய் வங்காள விரிகுடாவில் சேர்கிறது. இந்தப் பக்கம், தேவாலா நாடுகாணி வட்டாரத்தில் விழுவதில் பெரும்பகுதி பாண்டியாறு புன்னம்புழா வழியாக நிலம்பூர் இறங்கி, சாலியாற்றில் கலந்து, கோழிக்கோட்டை ஒட்டிய பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போகிறது. தேவாலா மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்னக் கணக்கல்ல. (அதே தேவாலாவில் 1880 வாக்கில் தங்கம் எடுக்கிறோம் என்று லண்டனில் பங்கு விற்றார்கள். தங்கம் கிடைக்கவில்லை, மழை மட்டும் கிடைத்தது.) நிலம்பூரிலிருந்து பேப்பூர்வரை ஆற்றுவழி சுமார் 68 கிலோமீட்டர். காட்டுப்பகுதி முடிந்து, இரண்டு கரையிலும் ஊர்கள். அந்தத் தடத்தில் கயாக்கில் மூன்று நாள் போகிறவர்கள் இருக்கிறார்கள், வாடகைக்குப் படகும் துணைக்கு ஆளும் கிடைக்கும் என்று பேக்கரிக்காரன் விசாரித்து வந்தான். எங்கள் வீட்டுக் கூரையில் விழுகிற தண்ணீர் போகிற வழி என்பது கூடுதல் கவர்ச்சி.

2018 செப்டம்பரில் போவதாக முடிவு. ஆகஸ்டில் கேரளமே மூழ்கியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதே ஆகஸ்ட் 8ஆம் தேதி ராத்திரி நிலம்பூர் அருகே கவளப்பாறையில் மலை சரிந்து ஒரு குடியிருப்பே மண்ணுக்குள் போனது. 2020 எல்லோருக்கும் தெரிந்த கதை. பிறகு மச்சானுக்குக் கல்யாணம், குழந்தை. 2024 நவம்பரில் கட்டாயம் போகிறோம் என்று முன்பணம்கூட அனுப்பிவிட்டோம். அந்த ஜூலை 30 விடியற்காலை, வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு.

எங்கள் பந்தலூர்ப் பக்கத்துக்கு அது அடுத்த மலை. இங்கிருந்து பெண் கொடுத்தவர்கள், தோட்ட வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மண்ணோடு போனவர்களைச் சாலியாறு பல கிலோமீட்டர் இழுத்துவந்து போத்துகல்லிலும் நிலம்பூரிலும் கரையேற்றியது. நிலம்பூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களில் எங்கள் லயத்து ஆள் ஒருவரும் உண்டு. அவருடைய மச்சினர் குடும்பம். ஊர் திரும்பியபின் அவர் அந்த ஆற்றின் பெயரையே சொல்வதில்லை. நாங்களும் அவர் முன்னால் பயணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

போன வருஷம் மறுபடி பேச்சை எடுத்தது நான்தான். எடுப்பதற்கு முன் அவரிடம் போய்ச் சொன்னேன். அனுமதி கேட்கிற மாதிரியா, தகவல் சொல்கிற மாதிரியா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மழை நாள்ல போகாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

இனி திட்டம். 68 கிலோமீட்டர், மூன்று நாள், நாளுக்கு இருபத்துமூன்று. தேர்ந்த கைகளுக்கு மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் சுலபம். எங்களுக்கு நாலு என்று வைத்துக்கொண்டோம். நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். ஆகவே காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டு மணிக்குள் கரையேறிவிட வேண்டும். இதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். பெரியவரின் கேள்வியைச் சாலியாற்றிடம் கேட்டபோதுதான் விஷயம் சுவாரசியமானது, ஏனென்றால் இங்கே பதில் மூன்றாக இருந்தது.

மேல்பகுதியில் திறப்பது மழை. நிலம்பூரில் வெயில் அடித்தாலும், மேலே கூடலூரில் பெய்தால் சில மணி நேரம் கழித்து ஆறு ஏறும். அதனால் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ணி இங்கே மழையா இல்லையா என்று சொல்ல வேண்டும். வானிலைச் செயலிகள் மூன்று இருந்தன. மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். அம்மா ஒரே விதமாகச் சொல்வார்.

நடுவில் கவணக்கல் தடுப்பணை. கோடையில் கடல் உப்பு மேலே ஏறாமல் இருக்கவும் குடிநீருக்கும் ஷட்டரை இறக்கி வைப்பார்கள். இறக்கியிருந்தால் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கரைவழியே சுற்றிப் போக வேண்டும். தூக்குவது என்றால் சாமான் அத்தனையையும் இறக்கி, சுமந்து, மறுபடி கட்டுவது. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினோம்.

அதற்குக் கீழே திறப்பது நிலா. அங்கே ஆறு பாதி கடல். கடல் ஏறும் ஆறு மணி நேரம் தண்ணீர் எதிரே வரும், எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரையிலிருக்கும் தென்னைமரம் பக்கத்திலேயே நிற்கும். இறங்கும் நேரத்தைப் பிடித்தால் சும்மா உட்கார்ந்தாலே இழுத்துக்கொண்டு போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் பலமாக இருக்கும், அஷ்டமி ஒட்டிச் சாந்தமாக இருக்கும். கற்றுக்குட்டிகளுக்குச் சாந்தம்தான் நல்லது. ஆக, மூன்றாம் நாள் அஷ்டமியாக வருகிற மாதிரி தேதி பார்த்தேன். தினசரிக் காலண்டரைக் கழற்றிவந்து புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்கு முதல்முறையாக இந்தப் பயணத்தின் மேல் மரியாதை வந்தது.

"அஷ்டமியில கிளம்பக் கூடாதுடா."

"கிளம்பறது சஷ்டியிலம்மா. போய்ச் சேர்றதுதான் அஷ்டமி."

"சஷ்டி நல்ல நாள்" என்றார். கடலுக்கும் அம்மாவுக்கும் ஒரே தேதி ஒத்துவந்தது அன்றைக்குத்தான்.

நடுவில் ஒரு கூத்து. பேக்கரிக்காரனின் மாமனார் எடவண்ணப் பக்கம். இளவயதில் தோணியில் மணல் ஏற்றியவர், ஆற்றை உள்ளங்கை போல அறிந்தவர். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு அவரிடம் போனில் விசாரிக்கும் வேலை, எங்கள் போதாத காலம், மச்சானிடம் போனது. புழை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். "வெள்ளம் நல்லோணம் உண்டு" என்று அவர் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். இவன் பதறிப்போய்ப் படகுக்காரரிடம் பயணத்தை ஒத்திவைத்துவிட்டான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்பது கூடலூரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், திருப்பூரில் தெரிய நியாயமில்லை. தேதியைத் திரும்ப வாங்குவதற்கு நாலு போன், ஒரு பெட்டி வர்க்கி.

அடுத்து சாமான். தண்ணீர் புகாத பை என்று கடையில் விற்கிறார்கள். வாயை மூன்று சுற்றுச் சுருட்டி, இரண்டு முனையையும் வளைத்துக் கொக்கி போட வேண்டும். விலை அதிகமானது இரண்டும், சந்தையில் வாங்கிய மலிவுப் பை நாலும் இருந்தன. நம்பக் கூடாது என்று சோதனை வைத்தோம். ஒவ்வொரு பையிலும் ஒரு பழைய செய்தித்தாளும் ஒரு கைப்பிடி கோதுமை மாவும் போட்டுக் கட்டி, கொல்லைப்புறத்து நீல டிரம்மில் அமுக்கி, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் பிரித்தால் மலிவுப் பைகளில் மூன்று மாவு உதிரியாக, காகிதம் மொறுமொறுவென்று இருந்தது. விலை அதிகமான பைகளில் ஒன்றில் பசை. காரணம் பை இல்லை, நான்தான். இரண்டே சுற்றுச் சுற்றியிருக்கிறேன். நாலாவது மலிவுப் பை தையலிலேயே ஒழுகியது, அதைத் தூக்கிப்போட்டோம். கை வலிக்கிறது என்று ஒரு சுற்றுக் குறைத்ததற்கு விலை, ஆற்றில் என்றால் மூன்று பேரின் ராத்திரித் துணி. அந்த மாவுப் பசையை அம்மா ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டப் பயன்படுத்திக்கொண்டார்.

தண்ணீர்க் கணக்கில் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர். மூன்று பேருக்கு மூன்று நாளுக்கு முப்பத்தாறு கிலோ. அதை ஏற்றினால் கயாக் எருமை மாதிரி நகரும். வழியெல்லாம் ஊர்தான், தினமும் நிரப்பிக்கொள்ளலாம் என்று பன்னிரண்டாகக் குறைத்தோம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் எவர்சில்வர். அது நல்லதாகவே போனது, வெயிலில் நசுங்கவில்லை. கனமானது அடியிலும் நடுவிலும், லேசானது முனைகளில். பெல்ட் கட்டாத சாமான் கவிழும்போது உங்களோடு இருக்காது. லைஃப் ஜாக்கெட் தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது, ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, கனக்கும். மலைக்காரர்கள் மறக்கிற விஷயம் வெயில். ஸ்வெட்டர் எடுத்து வைத்த நான் தொப்பியை மறந்தேன், அதன் பலன் காது இரண்டும் உரிந்தது.

சாப்பாட்டில் நான் தோற்றேன். அவலும் வெல்லமும் போதும் என்று எழுதிவைத்திருந்தேன். அம்மா தேங்காய் ரொட்டி முப்பது, கட்டச் சம்பல் ஒரு போத்தல், நெத்திலி வறுவல், தேயிலைத்தூள் அரைக் கிலோ என்று கட்டிவிட்டார். அரைக் கிலோ தேயிலை மூன்று நாளுக்கு என்றால், "போற வழியில யாராச்சும் தங்க இடம் குடுத்தா வெறுங்கையோட நிப்பியா?" என்றார். யோசித்துப் பார்த்தால், திட்டத்தில் நான் எழுதாமல் விட்ட முக்கியமான வரி அதுதான். ஆற்றங்கரை என்பது யாரோ ஒருவருடைய பாக்குத்தோப்பு. கேட்காமல் கூடாரம் அடிப்பது அத்துமீறல். இரண்டு மணிக்கே கரையேறி, வீட்டு வாசலில் நின்று கேட்டு, கையில் ஒரு பொட்டலம் கூடலூர்த் தேயிலையை நீட்டினால், மறுப்பவர்கள் குறைவு.

நிலம்பூரில் இறங்கியது விடியற்காலை. முதல் ஒரு மணி நேரம் துடுப்பு துடுப்போடு முட்டியது, மச்சான் இரண்டு முறை மணல்திட்டில் ஏற்றினான், யாரும் கவிழவில்லை. கரையில் துணி துவைத்த பெண்கள் எங்கிருந்து என்று கேட்டதற்கு கூடலூர் என்றோம். "இந்தப் புழையிலூடெயா?" என்று சிரித்தார்கள். மத்தியானம் எடவண்ண தாண்டி ஒரு பாக்குத்தோப்பில் இடம் கிடைத்தது. மணலிலேயே அடிக்கலாம், மெத்தென்று இருக்கும் என்றான் மச்சான். தோணிக்கார மாமனார் பார்க்க வந்திருந்தார். அவர் ஒன்றும் விவாதிக்கவில்லை. ஒரு பாக்குமட்டைக் குச்சியை ஒடித்து, தண்ணீர் மணலைத் தொடும் இடத்தில் குத்திவிட்டு, "ராத்திரி எழும்பி நோக்கணும்" என்று மட்டும் சொல்லிப் போனார். கூடாரத்தை மேட்டில், தோப்புக்குள் போட்டோம். கயாக்குகள் மணலிலேயே கிடந்தன.

ஏழு மணிக்கு அம்மாவின் போன் வரவில்லை. சிக்னல் ஒரு கோடு இருந்தது, போனது. எங்களுக்கு மேலே நட்சத்திரம் தெளிவாக இருந்தது.

பதினொன்றரைக்கு விழிப்பு வந்து டார்ச்சோடு இறங்கினேன். குச்சியைக் காணவில்லை. அடித்துப் போய்விட்டதோ என்று வெளிச்சத்தைத் தாழ்த்திப் பார்த்தால், கரையிலிருந்து நாலடி உள்ளே தண்ணீருக்குள் அதன் நுனி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் ஒன்றுமே இல்லை. கயாக்கின் பின்முனை ஏற்கெனவே மிதந்து லேசாக ஆடியது. மற்ற இருவரையும் எழுப்பி, மூன்று பேருமாகப் படகுகளை இழுத்து பாக்குமரத்தில் கட்டி முடித்தபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஏழு மணிக்கு அனுப்பிய குரல்செய்தி அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"டேய், இங்க மூணு மணியிலருந்து ஊத்துது. முற்றம் எல்லாம் தண்ணி. கேக்குதா?"

பின்னணியில் எங்கள் தகரக் கூரை கேட்டது. மச்சான் அடுப்பைப் பற்றவைத்து தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தான்.